கவர்னர் அனுப்பிய மரவாத்து

தலைநகர் படகுத்துறை
1986 ஆகஸ்ட் 4

கில்தோ,

அது தால் எரிமலை வெடித்த வருஷம். மணிலாப் பக்கமிருந்து வந்த கப்பல்களின் மேல்தளமெல்லாம் சாம்பல். சாம்பல் புதன் வராமலே மூட்டை தூக்குகிறவர்கள் நெற்றியில் சாம்பலோடு அலைந்தார்கள். நம் சான் ரோக்கேயில் அந்த வருஷம்தான் கோயில் கதவுக்குப் பச்சை அடித்தார்கள். மேயருடைய குதிரை கிணற்றில் விழுந்தது. லிம்முடைய ரொட்டிக்கடை எரிந்து, ஊரே மூன்று நாள் கருகிய ரொட்டி வாசனையில் பசித்துக் கிடந்தது. அக்டோபர் மாதம், இரண்டாம் ஞாயிறு, உன் மகளுக்கு ஞானஸ்நானம்.

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். படித்தவன் எல்லாவற்றையும் தாளில் வைத்துவிட்டு மறந்துபோவான். எனக்கு வைக்க வேறு இடம் இல்லை.

உன் கடிதத்தைப் பக்கத்துவீட்டுத் தையற்காரி பெலிங் வாசித்தாள். 'மதிப்பிற்குரிய திரு. எஸ்தானிஸ்லாவோ தும்பாகா அவர்களுக்கு' என்று ஆரம்பித்தாள். "யாருக்கோ வந்தது, திருப்பி அனுப்பிடு" என்றேன். "உனக்குத்தான்யா, கிழவா" என்றாள். இதை எழுதுகிறவளும் அவள்தான். சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்பது எனக்குப் புரிந்தது. ஒரியோலா கவர்னர் ஊரைவிட்டு ஓடிவிட்டார். புது அரசாங்கம் அவருக்கு வேண்டியவர்கள் யார் யார் என்று விசாரிக்கிறது. உன் மூன்று கப்பலுக்கும் முத்திரை வைத்துவிட்டார்கள். உன் மகளுக்குக் கவர்னர் ஞானத்தந்தை, ஆகவே நீ அவருடைய கும்பாரே, ஞான உறவுக்காரன், என்பது வழக்கு. நான் வந்து, "கவர்னர் இல்லை, நான்தான் ஞானத்தந்தை" என்று சொல்ல வேண்டும்.

நல்ல வேடிக்கை. நம் பழைய படகு 'சாந்தா மார்த்தா' சுழற்காற்றில் மாட்டிய அன்று, வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டே நீ கத்தினாயே: "தானிஸ், பொழச்சுக் கரை சேந்தா என் மொதப் புள்ளைக்கு நீதான்டா ஞானத்தந்தை!" கரை சேர்ந்தோம். பத்து வருஷம் கழித்துப் பிள்ளையும் வந்தது. அழைப்பிதழில் கவர்னர் பெயர் வந்தது.

அன்று நீ கோயிலுக்குள்ளேயே இல்லை. பேண்டு வாத்தியத்தோடு சாலையில் கவர்னர் காருக்காக நின்றாய். சாமியார் செவேரோ, "எனக்கு ஒரு சவ அடக்கம் இருக்கு, காத்திருக்க முடியாது" என்றார். நீ வேர்க்க வேர்க்க ஓடிவந்தாய். "தானிஸ், புள்ளையப் புடி. கவர்னருக்குப் பதிலாளா நில்லு. அவர் வந்ததும் அவர் கையில குடுத்துரு" என்றாய். திரும்பவும் சாலைக்கு ஓடினாய்.

கார் வரவில்லை. விருந்தில் கவர்னர் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு முன்னால் பன்றித்தலையோடு ஒரு தட்டு, அதன்மேல் ஈ. பதிலாள்தானே, நான் உட்காரலாமா என்று நின்று பார்த்தேன். உன் அத்தை தோன்யா பசியா, "அடுக்களையில சோறு இருக்கு, தானிஸ்" என்றாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மறுநாளே உன் வேலையையும் விட்டேன்.

இருபத்தொரு வருஷமாக நான் ஈக்குக் கீழே. இப்போது ஞானத்தந்தையா?

தானிஸ்


சான் ரோக்கே
1986 ஆகஸ்ட் 19

தானிஸ்,

அந்தக் கடிதம் வக்கீல் எழுதியது. இது நான் எழுதுவது. கையெழுத்து வேறு என்று பெலிங் உனக்குச் சொல்வாள்.

நாற்காலி விஷயத்தை நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, ஆனால் நான் நினைத்துக்கொண்டது வேறு. நீ பொறாமையில் போனாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

உனக்குத் தெரியாததா, நம் தொழிலில் படகு தண்ணீரில் மட்டும் மிதப்பதில்லை. துறைமுகத்தில் இடம் வேண்டும் என்றால் ஒரு ஆள், உரிமம் வேண்டும் என்றால் ஒரு ஆள். பெரிய மனிதர் ஒருவர் கும்பாரே ஆகிவிட்டால், மற்ற ஆட்கள் எல்லோரும் தாமாகவே சிரித்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். நான் கண்டுபிடித்த வழியா இது? தேர்தல் வந்தால் கூட்டத்துக்கு ஆள் ஏற்றக் கப்பலைக் கொடுத்தேன். திங்கட்கிழமை தோறும் அவருடைய காலை உணவுக்குப் போவேன். உண்மையைச் சொன்னால், இருபது வருஷத்தில் உள்ளே ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. வராந்தாவில் பிரம்பு நாற்காலி. சிமெண்டுக்காரன், நான், சர்க்கரை ஆலைக்காரன். உள்ளே முட்டை பொரிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். ஊருக்குத் திரும்பியதும், "கவர்னரோட பலகாரம்" என்பேன்.

நீ ஞானத்தந்தை என்று சாட்சி சொன்னாலும் தப்பிக்க முடியுமா என்று வக்கீலுக்குச் சந்தேகம். காரணம் பரிசுகள். என் மகள் மிலாவுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கவர்னர் மாளிகையிலிருந்து ஒரு பரிசு வரும், உனக்குத் தெரிந்திருக்காது. எல்லாம் மரத்தில் செய்தவை. முதலில் ஒரு வாத்து, பிறகு ஆமை, எருமை, மீன், சின்னப் படகு. இருபத்தொன்று. கூடத்தில் கண்ணாடி அலமாரி செய்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் துறைமுக அதிகாரி உட்காராமல் நின்று பேசினான். பத்திரிகையில் படம்கூட வந்தது. அந்தப் படம்தான் இப்போது விசாரணைக் குழுவின் மேஜையில் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த மனுஷன் என்னவாக இருந்தாலும், ஒரு கிறிஸ்துமஸ்கூட என் பிள்ளையை மறந்ததில்லை.

விசாரணை அக்டோபர் இருபதாம் தேதி. ஜனவரியில் மிலாவுக்குக் கல்யாணம். கப்பல் போனால் அறுபத்தெட்டு வயதில் எனக்கு வேறு கரை இல்லை. வா.

கில்தோ


தலைநகர் படகுத்துறை
1986 செப்டம்பர் 2

கில்தோ,

உன் கடிதத்தில் கடைசிக்கு முந்திய பத்தியைப் பெலிங்கை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். நான்காவது தடவை அவள் மாட்டேன் என்றாள்.

சொல்லாமலே செத்துப்போகலாம் என்றிருந்தேன். நீ விடவில்லை.

அந்த முதல் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? நான் அப்போது தலைநகர்ப் பயணிகள் படகில் சுக்கான் பிடிக்கச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகள் ஞானத்தந்தை வீட்டுக்குப் போய் அவர் கையை நெற்றியில் ஒற்றிப் பரிசு வாங்குகிற நாள். நீ மூன்று மாதக் குழந்தைக்கு வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுத் தூக்கிக்கொண்டு கவர்னர் மாளிகை வாசலில் நின்றாய். வெயில் ஏறிவிட்டது. காவலாளி உன்னிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "ஐயா தூங்குறாரு. யாரு பேரு சொல்லட்டும்? மறுபடி சொல்லுங்க? எந்த ஊரு?"

உன் பெயரே அங்கே தெரியவில்லை, கில்தோ.

நீ போகவில்லை. குழந்தை வீறிட்டது. நீ தொப்பியால் அதற்கு நிழல் பிடித்தாய். துறையில் உன்னைப் பார்த்துப் பின்னாலேயே வந்த நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். உன்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்காக நான் சாமியாருக்குப் பதில் சொல்லியிருந்தேன். 'பிசாசை விட்டுவிடுகிறாயா' என்று கேட்டார், 'விட்டுவிடுகிறேன்' என்றேன். கவர்னர் சார்பில் எப்படிச் சொல்ல முடியும்? அவர் விடுவாரா மாட்டாரா, எனக்கென்ன தெரியும்? என் சார்பில்தான் சொன்னேன்.

என் சட்டைப்பையில் ஒரு வாத்து இருந்தது. அந்தக் குழந்தைக்கென்று செதுக்கியதுதான். கொடுக்கும் தைரியம் இல்லாமல் வைத்திருந்தேன். பின்வாசல் காவலாளி என் படகில் சும்மா வருகிறவன். "இதக் கொண்டுபோய் அந்த ஆளுகிட்டக் குடு. கவர்னர் குடுத்தாருன்னு சொல்லு" என்றேன். அவன் கொடுத்தான். நீ வாத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறைக்கு நடந்து வந்தாய். மறு கையில் இருந்த பிள்ளையைக்கூட அவ்வளவு பத்திரமாகப் பிடிக்கவில்லை. எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "கவர்னர் குடுத்தது, கவர்னர் குடுத்தது" என்றாய்.

அடுத்த வருஷம் எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் குழந்தை கேட்காதா?

இருபது வருஷத்தில் அந்தப் பரிசுகளோடு ஒரு சீட்டுகூட வரவில்லையே, ஏன் என்று நீ யோசிக்கவில்லையா? அனுப்பியவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

நம்பாவிட்டால் அலமாரியைத் திற. வாத்தைக் கவிழ்த்துப் பார். அடிப்பக்கத்தை நான் இழைக்கவில்லை. 'சாந்தா மார்த்தா'வை உடைத்தபோது பலகைகளை விறகு விலைக்கு வாங்கியவன் யார் என்று நினைத்தாய்?

தானிஸ்


சான் ரோக்கே
1986 செப்டம்பர் 11

தானிஸ்,

கவிழ்த்துப் பார்த்தேன். இருபத்தொன்றையும்.

நீ எனக்கு என்ன செய்திருக்கிறாய் என்று தெரியுமா? ஒரு விருந்தில் நான் கவர்னருக்கு நன்றி சொன்னேன். "ஐயா, வருஷா வருஷம் எம் பொண்ண நெனச்சுப் பாக்குறீங்க" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "அதெல்லாம் ஒரு பெரிய விஷயமாய்யா!" என்றார். அந்தத் தோளை நான் இரண்டு நாள் கழுவவில்லை.

வங்கிக்காரன், பிஷப், சம்பந்தி வீட்டார் எல்லோரும் அந்த அலமாரிக்கு முன்னால் நின்று கையைக் கட்டியிருக்கிறார்கள். இப்போது நான் எழுந்து, "இது எங்கள் படகோட்டி செதுக்கிய வாத்து" என்று சொல்ல வேண்டுமா? கப்பல் போனால் ஏழை. இதைச் சொன்னால் கோமாளி. ஏழையாவது தெருவில் நடக்கலாம்.

நீ வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

கில்தோ


தலைநகர் படகுத்துறை
1986 செப்டம்பர் 20

கில்தோ,

எழுத வேண்டாம் என்றாய். நான் எழுதவில்லை, பெலிங் எழுதுகிறாள்.

உன்னைக் கோமாளியாக்க நான் நினைக்கவில்லை. நீ தலைக்குமேல் தூக்கிப் பிடித்தது என் வாத்தை. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கண்ணாடி அலமாரி வைத்தாய் என்று கேள்விப்பட்டபோது, உன் வீட்டில் எனக்கும் ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதிலும் ஈ உட்கார முடியாத இடம்.

நீ கூப்பிட்டால் வந்து எதையும் சொல்வேன். கவர்னர்தான் அனுப்பினார் என்று சொல்லச் சொன்னால் அதையும் சொல்வேன். கப்பல் போகும், உன் பெயர் நிற்கும். எது வேண்டும் என்று நீயே முடிவு செய். சுழற்காற்றில் எதைத் தூக்கிக் கடலில் போடுவது என்று நீதான் எப்போதும் முடிவு செய்வாய். அதில் நீ தவறியதில்லை.

பெலிங் கேட்கிறாள், மிலாவுக்கு எந்தப் பரிசு பிடிக்கும் என்று. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

தானிஸ்


சான் ரோக்கே
1986 அக்டோபர் 27

என் அன்புள்ள தானிஸ்,

ஆமை. இரண்டாவது வருஷத்து ஆமை. பல் முளைக்கும்போது அதன் தலையைக் கடித்துத் தேய்த்துவிட்டாள். உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். எல்லாக் கடிதங்களையும் வாசித்தாள். அலமாரியைத் திறந்து ஆமையை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

இருபதாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். நகராட்சிக் கூடம் நிறைய ஆள். நான் கவர்னரோடு சேர்ந்து விழுவதைப் பார்க்கப் பாதிப் பேர், கடன் கொடுத்தவர்கள் பாதிப் பேர். குழுவுக்குத் தலைவி ஒரு பெண் வக்கீல், வயது நாற்பது இருக்கும், மூக்குக் கண்ணாடி. பத்திரிகைப் படத்தை நீட்டி, "இது உங்க வீடுதானே?" என்றாள்.

அதுவரைக்கும் என்ன சொல்வது என்று நான் முடிவு செய்யவில்லை, தானிஸ். சத்தியமாக. வாத்து என் கோட்டுப் பையில் இருந்தது. எடுத்து மேஜையில் வைத்தேன்.

"கவுத்துப் பாருங்கம்மா" என்றேன்.

கவிழ்த்தாள். பச்சை.

"என்ன இது?"

"எங்க பழைய படகோட பலகை. கோயில் கதவுக்கு வாங்குன பெயிண்டுல மிச்சம், சாமியார் குடுத்தாரு. வேணும்னா ஆள் அனுப்பிக் கதவோட வச்சுப் பாருங்க. கவர்னர் எனக்கு ஒண்ணும் அனுப்பல. எம் பேரே அவருக்குத் தெரியாது. இருபது வருஷம் வராந்தாவுல உக்காந்திருந்தேன்."

ஆள் போனான், வாத்தோடு. கூடமே ஜன்னல் பக்கம் திரும்பி எதிரில் இருந்த கோயிலைப் பார்த்தது. அவன் கதவில் வாத்தை வைத்துப் பார்த்து, அங்கிருந்தே கையைத் தூக்கினான். அப்போது ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்தான். பிறகு எல்லோரும். மீன்காரி ஒருத்தி, "அட ஏங்க தோன் கில்தோ, அந்த வாத்துக்கு நான் பத்து வருஷமாக் கும்பிடு போட்டிருக்கனே!" என்று கத்தினாள். தலைவிகூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்ப நீங்க இத்தன வருஷமா நெருக்கமா இருந்தது ஒரு படகோட்டிக்குத்தான்" என்றாள்.

"ஆமாம்மா. அது எனக்கே போன மாசம்தான் தெரியும்" என்றேன்.

கப்பல்களைத் தேர்தலுக்குக் கொடுத்ததற்கு ஒரு கப்பலை இன்னும் பிடித்து வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். இரண்டை விட்டுவிட்டார்கள். தெருவில் போனால் பையன்கள் வாத்து மாதிரி கத்துகிறார்கள். முதல் நாள் வலித்தது. நேற்று நானும் திருப்பிக் கத்தினேன்.

இப்போது என்னைத் திட்டு. புது கவர்னர் பதவிக்கு வந்த மாதமே அவருக்கு ஒரு பொரித்த பன்றி அனுப்பியிருந்தேன். கல்யாணத்துக்கு முதல் சாட்சியாக வரச் சொல்லி அழைப்பும் வைத்திருந்தேன். பழக்கதோஷம். நேற்றுப் பதில் வந்தது: வர இயலாது, பதிலாள் ஒருவரை அனுப்புகிறோம். மிலா அதை வாசித்துவிட்டு, "அப்பா, உங்களுக்கு ஒரு வாத்து போதாதா?" என்றாள்.

முதல் சாட்சியாக ஞானத்தந்தைதான் நிற்க வேண்டும் என்கிறாள். நீ.

அதில் ஒரு சிக்கல். கோயில் பதிவேட்டில் ஞானத்தந்தை என்ற இடத்தில் ஒரியோலா பெயர்தான் இருக்கிறது. பக்கத்தில் யாருடையது என்று எழுதாத ஒரு கைநாட்டு. புதுச் சாமியாரிடம் கேட்டேன். "கவர்னர் சம்மதிச்சாரா?" என்றார். இல்லை என்றேன். அழைப்பு அனுப்பினேன், பதில் வராமலே பெயரைப் போட்டேன். "சம்மதிக்காதவரு ஞானத்தந்தை ஆக முடியாது. பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டுப் பதில் சொன்னவருதான் ஞானத்தந்தை. அதைக் கண்ணால பாத்தவங்க ஒருத்தர் வந்து சொல்லட்டும், திருத்தித் தர்றேன்" என்றார்.

நான் பார்க்கவில்லை. நான் சாலையில் இருந்தேன். யார் யார் அங்கே நின்றார்கள் என்று நீதான் சொல்ல வேண்டும். அந்த ஞாபகம் உன்னிடம்தான் இருக்கிறது.

உன் கும்பாரே,
கில்தோ


தலைநகர் படகுத்துறை
1986 நவம்பர் 8

கும்பாரே,

இந்தச் சொல்லை எழுதும்போது பெலிங் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எழுது, எழுது" என்றேன்.

வருகிறேன். சட்டையைப் பெலிங் தைக்கிறாள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், ஒரே ஒரு காரியம். புது கவர்னருடைய பதிலாள் வருவான் இல்லையா, யாராவது ஒரு குமாஸ்தாவாக இருப்பான், கவர்னர் பெயரைச் சுமந்துகொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்பான். அவனை மேஜையில் உட்கார வைத்துச் சோறு போடு. என் பக்கத்தில் போடு. பன்றித்தலை அவனுக்கு.

இனி நீ கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நின்றவர்களைச் சொல்கிறேன், சாமியாரிடம் வாசித்துக் காட்டு.

சாமியார் செவேரோ, கிழக்குப் பக்கம் நின்றார். சவ அடக்கத்துக்கு நேரமாகிறதென்று நொடிக்கொரு தடவை வாசலைப் பார்த்தார். போப்பாண்டவர் மணிலாவுக்கு வந்த வருஷம், அவரைப் பார்க்கப் போய்த் திரும்பும்போது காய்ச்சலில் போய்விட்டார்.

கோயில்பிள்ளை ஆம்போ, ஒற்றைக் கண்ணன், உப்புக் கிண்ணத்தைப் பிடித்திருந்தான். சாமியார் போன அடுத்த வருஷம் கோயில் மணிக்கூண்டிலிருந்து விழுந்து செத்தான்.

உன் அத்தை தோன்யா பசியா, ஞானத்தாய். விசிறிக்கொண்டே இருந்தாள். ராணுவச் சட்டம் வந்த வருஷம், சீட்டாட்டத்தில் நல்ல கை வந்த நேரத்தில் இறந்தாள் என்று சொன்னார்கள். அடுக்களையில் சோறு இருக்கிறது என்று சொன்னதை நான் மன்னித்துவிட்டேன். இரண்டாம் தடவை குழம்பு ஊற்றியவளும் அவள்தான்.

உன் மனைவி கொன்சிங். தூணருகே உட்கார்ந்திருந்தாள், பிரசவத்துக்குப் பிறகு நிற்க முடியவில்லை. "கெட்டியாப் புடி தானிஸ், கழுத்து நிக்கல" என்றாள். எட்டு வருஷமாகிறது. அவள் அடக்கத்துக்கு நான் வந்தேன், கடைசி வரிசையில் நின்றேன். நீ கவர்னர் அனுப்பிய மலர்வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது மட்டும் உண்மையாகவே அவர் அனுப்பியதுதான், கில்தோ. எனக்கு அன்று வளையம் வாங்க வசதி இல்லை.

நீ சாலையில் இருந்தாய். நான் இருந்தேன், ஆனால் தனக்குத் தானே ஒருவன் சாட்சி சொன்னால் எந்தச் சாமியார் ஒத்துக்கொள்வார்?

ஆகவே மிச்சம் ஒருத்தி. தலையில் தண்ணீர் ஊற்றியபோது அவள் அழவில்லை. என் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஆம்போ பதிவேட்டை நீட்டி, "வெரலக் குடுய்யா" என்றான். இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. "இன்னொரு கையக் குடு, அது புடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றான். பதிவேட்டை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்: அது இடது கைவிரல், நடுவே சுக்கான் கயிறு அறுத்த தழும்பு இருக்கும். வழக்கமாக வைக்கிற வலது விரலுக்கு என்ன ஆயிற்று என்று சாமியார் கேட்டால், அதைப் பிடித்திருந்தவளையே கூப்பிடு. அன்று அங்கே இருந்து இன்று உயிரோடு இருக்கும் சாட்சி அவள்தான். பெயர் மிலாக்ரோஸ்.